பால் டிஃப் கரகரவென்று சுற்றுகிறதா? கோளாறு இருக்கும் இடத்தைக் கண்டறிந்து சரிசெய்யும் முறை

ஆர்.சி. (ரேடியோ ரிமோட்டில் ஓடும் சிறிய) பந்தயக் காரின் பின்சக்கரங்கள் இரண்டையும் கையில் பிடித்து எதிரெதிர்த் திசையில் திருப்பிப் பார்க்கும்போது விரல்களில் கரகரப்பு தட்டுப்பட்டால், நம்மில் பலரும் உடனே செய்வது டிஃபரன்ஷியலை (வளைவில் இரு சக்கரங்களும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற இடம்தரும் பாகம், சுருக்கமாக டிஃப்) முழுவதுமாகப் பிரித்து உள்ளேயிருக்கும் குண்டுகள் அத்தனையையும் மாற்றிவிடுவதுதான். நல்ல குண்டுகள் விலை குறைவானவை அல்ல. வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் சுங்கவரியும் வாரக்கணக்கான காத்திருப்பும் சேர்ந்துகொள்ளும். அவ்வளவும் செய்த பிறகு கரகரப்பு அப்படியே இருக்கிறது என்ற வருத்தத்தைத்தான் பெங்களூரில் கார் ஓட்டும் நண்பர்களிடம் திரும்பத் திரும்பக் கேட்கிறேன். குண்டுகளால் (ball) இயங்குவதால் பால் டிஃப் எனப்படும் இந்த அமைப்பில் கரகரப்பு பிறக்கக்கூடிய இடங்கள் பல. அவற்றுள் முதலில் சந்தேகப்பட வேண்டியவை அந்தப் பெரிய குண்டுகள் அல்ல. எந்த இடத்தில் கோளாறு என்று பிரித்தறிந்த பிறகே பாகத்தை மாற்ற வேண்டும் என்பதுதான் இந்தக் கட்டுரையில் நான் வலியுறுத்த விரும்புவது. அப்படிப் பிரித்தறிவதற்குத் தனிக் கருவி எதுவும் தேவையில்லை. விரல்களும் பொறுமையும் போதும்.

இங்கே சொல்வது 1/10 அளவு இருசக்கர இயக்கப் பக்கிகள், 1/12 பேன் கார்கள் (தட்டையான அடித்தட்டு கொண்டவை), 1/10 ஃபார்முலா கார்கள் ஆகியவற்றில் வரும் பால் டிஃபுக்குப் பொதுவாகப் பொருந்தும்; திருகு, அவுட்டிரைவு அமைப்பைப் பற்றிச் சொல்வது முதன்மையாகப் பக்கிகளுக்கானது. சிலிக்கான் ஆயில் ஊற்றும் கியர் டிஃப் முற்றிலும் வேறு அமைப்பு என்பதால் அதைப் பற்றி இங்கே பேசவில்லை.

உள்ளே நடப்பது என்ன

டிஃபின் நடுவிலுள்ள கியரில் வட்டமாகத் துளைகள் இருக்கும். ஒவ்வொரு துளையிலும் ஒரு குண்டு உட்கார்ந்திருக்கும். கியரின் இருபுறமும் தட்டையான எஃகு வளையம் ஒவ்வொன்று உண்டு. வளையங்கள் இடது, வலது அவுட்டிரைவுகளில் (சக்கரத்துக்குப் போகும் தண்டான டிரைவ்ஷாஃப்ட் வந்து மாட்டும் டிஃபின் இரு முனைப் பாகங்கள்) பொருந்தியிருக்கும். ஒரு மெல்லிய நீளத் திருகு ஓர் அவுட்டிரைவின் வழியாக நுழைந்து, மறுபுறம் உள்ள நட்டில் மாட்டி, இரண்டையும் ஒன்றை நோக்கி ஒன்றை இழுத்துப் பிடிக்கிறது. அந்த இழுப்பு சீராக இருப்பதற்கு ஒரு ஸ்பிரிங்கும், திருகின் தலைக்கும் அவுட்டிரைவுக்கும் இடையே தடையில்லாத சுழற்சிக்கு ஒரு சிறிய த்ரஸ்ட் பேரிங்கும் வைக்கப்பட்டிருக்கும்.

கார் நேராக ஓடும்போது கியரில் உள்ள குண்டுகள் உருள்வதே இல்லை. வளையங்களுக்கிடையே இறுகப் பிடிபட்ட நிலையில், உராய்வின் பலத்தால் மட்டுமே அவை மோட்டாரின் விசையைச் சக்கரங்களுக்குக் கடத்துகின்றன. வளைவில் உட்சக்கரமும் வெளிச்சக்கரமும் வெவ்வேறு வேகத்தில் சுற்றும்போதுதான், அந்த வேக வித்தியாசம் எவ்வளவோ அவ்வளவுக்கு மட்டும் குண்டுகள் உருள்கின்றன.

திருகு கொடுக்கும் இழுவிசை ஒன்றே. அந்த ஒரே விசையை வளையங்களுக்கிடையே உள்ள குண்டுகளும் தாங்குகின்றன, த்ரஸ்ட் பேரிங்கும் தாங்குகிறது. ஆனால் வளையங்களுக்கிடையே அதைப் பகிர்ந்துகொள்ளப் பல கார்களில் 12 குண்டுகள் இருக்கின்றன. த்ரஸ்ட் பேரிங்கிலோ அதைவிடச் சிறிய குண்டுகள், எண்ணிக்கையிலும் பெரும்பாலும் 6 அல்லது 8 மட்டுமே. ஒரு குண்டுக்கு விழும் சுமையைக் கணக்கிட்டுப் பார்த்தால், முதலில் தேய்ந்துபோவது எது என்ற கேள்விக்கு விடை தானாகவே கிடைத்துவிடும். பெரிய குண்டுகளை மாற்றியும் கரகரப்பு போகாததற்குப் பெரும்பாலும் இதுவே காரணம்.

முதலில், கோளாறு டிஃபில்தானா?

காரைப் பிரிப்பதற்கு முன் ஒரு நிமிடம் ஒதுக்கி இதை உறுதிசெய்துகொள்ள வேண்டும். ஸ்பர் கியரை (மோட்டாரின் சிறிய பல்சக்கரமான பினியன் சுற்றும் பெரிய பல்சக்கரம்) பிடிக்காமல் சக்கரத்தை மட்டும் சுழற்றிப் பார்ப்பவர்கள், பிரஷ்லெஸ் மோட்டாரின் காந்தங்கள் ஏற்படுத்தும் விட்டுவிட்டு இழுக்கும் உணர்வை டிஃபின் கரகரப்பு என்று எண்ணிவிடுவதுண்டு. ஆகவே மோட்டாரின் திருகுகளைத் தளர்த்தி, பினியனை ஸ்பர் கியரிலிருந்து விலக்கிவிட்டு, ஸ்பரை ஒரு விரலால் அசையாமல் பிடித்துக்கொண்டு ஒரு சக்கரத்தைத் திருப்ப வேண்டும். மறுசக்கரம் எதிர்த்திசையில் அதே அளவு சுற்றும். இப்போது தெரிகிற கரகரப்பு, டிஃபிலிருந்தோ, சக்கர அச்சின் பேரிங்குகளிலிருந்தோ, டிரைவ்ஷாஃப்டின் மூட்டிலிருந்தோ வரலாம். டிரைவ்ஷாஃப்டுகளைக் கழற்றிவிட்டு, அவுட்டிரைவுகளை மட்டும் விரலால் திருப்பிப் பார்த்தால் இந்தச் சந்தேகமும் தீர்ந்துவிடும். சக்கரப் பேரிங் ஒன்று மண் தின்று கெட்டுப்போயிருக்க, அதற்காக நல்ல டிஃபைப் பிரித்து வைப்பது வீண்வேலை.

திருகில்லாமல் செய்யும் சோதனை

டிஃபை வெளியே எடுத்த பிறகு, உடனே எல்லாவற்றையும் கழுவத் தொடங்கக் கூடாது. கழுவிவிட்டால் அழுக்கினால் வந்த கரகரப்பு எது, தேய்மானத்தால் வந்தது எது என்று பிரித்தறியும் வாய்ப்பு போய்விடும்.

கியரை ஒரு கையின் விரல்களால் பிடித்துக்கொண்டு அவுட்டிரைவை மெதுவாகத் திருப்பி, கரகரப்பின் தன்மையை நன்றாக மனத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். பிறகு திருகை முழுவதுமாகக் கழற்றி, த்ரஸ்ட் பேரிங்கோடும் ஸ்பிரிங்கோடும் சேர்த்து வெளியே எடுத்துவிட வேண்டும். இப்போது திருகில்லாத இரண்டு பாதிகளையும் கியரோடு சேர்த்துப் பொருத்தி, கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் இருபுறமும் அழுத்திப் பிடித்து, எதிரெதிராகத் திருப்பிப் பார்க்க வேண்டும். முதலில் லேசான அழுத்தம், பிறகு இயன்ற அளவு அழுத்தம் என இரு முறையும் செய்வது நல்லது. கையால் கொடுக்கும் அழுத்தம் திருகின் இழுவிசைக்கு ஈடாகாது என்பது உண்மையே. ஆனாலும் வளையத்திலோ குண்டிலோ உண்மையான சேதம் இருந்தால் இந்த அழுத்தத்திலேயே விரலுக்குத் தெரிந்துவிடும்.

இந்த நிலையில் டிஃப் வழுவழுப்பாகச் சுற்றினால், வளையங்களும் குண்டுகளும் நல்ல நிலையில் இருக்கின்றன, கோளாறு வெளியே எடுத்து வைத்த திருகு, த்ரஸ்ட் பேரிங் பகுதியில் இருக்கிறது என்று பொருள். அதை உறுதிசெய்ய, திருகையும் த்ரஸ்ட் பேரிங்கையும் மட்டும் அதன் அவுட்டிரைவில் செருகி, ஆலன் கீயால் திருகின் தலையை அழுத்தியபடி அவுட்டிரைவைச் சுற்ற வேண்டும். முன்பு உணர்ந்த அதே கரகரப்பு இங்கே தனியாகத் தெரியும். மாறாக, திருகில்லாமலேயே கரகரப்பு இருந்தால், கவனத்தை வளையங்கள், குண்டுகள், கியரின் நடுவிலுள்ள சிறு பேரிங்குகள் ஆகியவற்றின் மேல் திருப்ப வேண்டும். குண்டுகளை எடுத்துவிட்டுக் கியரை மட்டும் அவுட்டிரைவின் தண்டில் மாட்டிச் சுழற்றினால் அந்தச் சிறு பேரிங்குகளின் நிலை தெரிந்துவிடும்.

அல்சூரிலிருந்து வரும் ஒரு தம்பி, தன் பக்கியின் டிஃபைக் கையில் வைத்துக்கொண்டு, “அண்ணா, குண்டெல்லாம் புதுசு போட்டுட்டேன், ரிங்கும் புதுசுதான். இன்னும் கரகரன்னுதான் இருக்கு, என்ன பண்றதுன்னே தெரியல” என்றார். “திருகைக் கழட்டிட்டுச் சுத்திப் பாருப்பா” என்றேன். கையால் அழுத்திச் சுற்றியபோது புதுப் பாகங்களுக்குரிய மென்மை அதில் இருந்தது. த்ரஸ்ட் பேரிங்கின் வாஷர்களைத் துடைத்து, வாட்ச் ரிப்பேர்க்காரர்கள் கண்ணில் மாட்டிக்கொள்ளும் லென்ஸின் அடியில் வைத்துப் பார்த்தோம். குண்டுகள் ஓடிய பாதை சாம்பல் நிறமாக மங்கியிருந்தது. அந்தப் பாதையில் சம இடைவெளி விட்டு ஊசியால் குத்தியது போன்ற சிறு பள்ளங்கள் இருந்தன. ஒரு பள்ளத்தின் விளிம்பில் எஃகு செதிலாகப் பெயர்ந்திருந்தது. த்ரஸ்ட் பேரிங் செட்டை மட்டும் மாற்றியதும் டிஃப் சரியாகிவிட்டது.

கரகரப்பு ஒரே மாதிரி இருப்பதில்லை

விரலில் படும் உணர்வை நிதானமாகக் கவனித்தால், பிரிப்பதற்கு முன்பே பாதி விடை கிடைத்துவிடும். சுற்று முழுவதும் சன்னமாக, சீராகத் தெரியும் கரகரப்புக்குப் பெரும்பாலும் தூசியோ காய்ந்துபோன கிரீஸோ காரணமாக இருக்கும். கழுவிப் புதுக் கிரீஸ் வைத்தால் அது போய்விடும். போகாவிட்டால் த்ரஸ்ட் பேரிங்கின் பாதை முழுவதும் தேய்ந்துவிட்டது என்று கொள்ளலாம்.

மற்ற இடமெல்லாம் மென்மையாக இருக்க, ஒரே இடத்தில் மட்டும் சோற்றில் கல் கடிபட்டதைப் போல நறுக்கென்று தட்டினால், அது தேய்மானமாக இருக்க வாய்ப்பில்லை. வளையத்தின் அடியில் ஒரு முடியோ, பசைத் துளியோ, பிளாஸ்டிக் பிசிறோ மாட்டியிருக்கும். அல்லது வளையத்தின் விளிம்பு எங்கோ அடிபட்டு மேலெழும்பியிருக்கும்.

சம இடைவெளியில் டக், டக்கென்று விட்டுவிட்டுத் தெரியும் தட்டலுக்கு, குண்டுகள் அழுத்தி உண்டாக்கிய பள்ளங்கள் காரணம். எந்தப் பாகத்தில் பள்ளம் என்பதை எண்ணியே கண்டுபிடிக்கலாம். கியரை அசையாமல் பிடித்துக்கொண்டு ஓர் அவுட்டிரைவை ஒரு முழுச்சுற்று மெதுவாகத் திருப்பி, தட்டல்களை எண்ண வேண்டும். தட்டல்களின் எண்ணிக்கை த்ரஸ்ட் பேரிங்கின் குண்டுகளின் எண்ணிக்கையை ஒட்டி, அதாவது 6 அல்லது 8 என வந்தால் பள்ளம் த்ரஸ்ட் வாஷரில் இருக்கிறது. கியரில் உள்ள குண்டுகளின் எண்ணிக்கையை ஒட்டி வந்தால் பெரிய வளையங்களில் இருக்கிறது. கியர் அசையாதிருக்க, இரண்டு அவுட்டிரைவுகளும் எதிரெதிராகச் சம அளவு சுற்றுவதால், த்ரஸ்ட் குண்டுகளும் ஏறக்குறைய நின்ற இடத்திலேயே நிற்கின்றன. ஒவ்வொரு பள்ளமும் அடுத்த குண்டை வந்தடையும்போது ஒரு தட்டல் உண்டாகிறது. இந்தக் கணக்கு வேலைசெய்வதன் காரணம் அதுதான்.

இன்னொரு வகையும் உண்டு. ஒரு திசையில் திருப்பத் திருப்ப இறுகி, மறுதிசையில் தளர்ந்துகொண்டே போனால், அதைக் கரகரப்பு என்று சொல்வதைவிடத் திருகு நட்டுக்குள் தானாகச் சுற்றுகிறது என்று சொல்வதே சரி. நட்டிலுள்ள நைலான் பிடிப்பு தேய்ந்திருக்கும். அல்லது த்ரஸ்ட் பேரிங் சிக்கிக்கொண்டு திருகையும் தன்னோடு இழுத்துச் சுற்றும். இந்த நிலையில் காரை ஓட்டவே கூடாது. சில சுற்றுகளில் டிஃப் முழுவதும் தளர்ந்து, வழுக்கி, வளையங்களைப் பொசுக்கிவிடும்.

த்ரஸ்ட் பேரிங்

அளவில் மிகச் சிறியதாக இருந்தாலும் அதிகக் கவனம் செலுத்த வேண்டிய பாகம் இதுவே. சில கார்களில் குண்டுகள் தனித்தனியாகவும் இரண்டு வாஷர்கள் தனியாகவும் வரும். சிலவற்றில் குண்டுகள் ஒரு கூண்டில் அடைக்கப்பட்டு வரும். கூண்டு வகையில் வாஷரின் ஒருபக்கம் குண்டுகள் ஓடுவதற்கு வாகாகப் பள்ளவரை வெட்டப்பட்டிருக்கும்; அந்தப் பக்கம் குண்டுகளைப் பார்த்திருக்க வேண்டும். கவிழ்த்துப் போட்டாலும் டிஃப் பூட்டிக்கொள்ளும், முதலில் சுற்றவும் செய்யும். ஆனால் குண்டுகள் தட்டைப் பரப்பில் நிலையில்லாமல் அலைந்து விரைவில் கரகரப்பு வந்துவிடும். சில செட்களில் இரண்டு வாஷர்களின் துளையளவும் வேறுபடும். சிறிய துளையுள்ளது திருகைப் பிடித்து அதனோடு சுற்ற வேண்டியது என்பதால் திருகின் தலையை ஒட்டியும், பெரிய துளையுள்ளது அவுட்டிரைவில் அமர வேண்டியது என்பதால் உட்புறமாகவும் வைக்கப்பட வேண்டும். கழற்றும்போதே எது எங்கே இருந்தது என்று மொபைலில் ஒரு படம் எடுத்துக்கொள்வது நல்ல பழக்கம்.

வாஷர்களைச் சோதிக்க நகநுனி போதும். பாதையின் குறுக்கே நகத்தை இழுக்கும்போது தட்டினால் அந்த வாஷரை மேற்கொண்டு பயன்படுத்தக் கூடாது. குண்டுகளை மட்டும் மாற்றி வாஷர்களை வைத்துக்கொள்வதும், வாஷர்களை மட்டும் மாற்றிப் பழைய குண்டுகளைப் போடுவதும் சிக்கனம் ஆகாது. தேய்ந்தது புதியதைச் சில ஓட்டங்களிலேயே கெடுத்துவிடும். செட்டாக மாற்றுவதுதான் முறை.

திருகையும் ஒருமுறை பார்த்துவிட வேண்டும். கண்ணாடித் துண்டின் மேல் உருட்டினால் வளைவு இருக்கிறதா என்று தெரிந்துவிடும். வளைந்த திருகு த்ரஸ்ட் பேரிங்கை ஒருபக்கமாக அழுத்துவதால், எத்தனை முறை பேரிங்கை மாற்றினாலும் கரகரப்பு திரும்பி வரும்.

வளையங்களும் குண்டுகளும்

வளையத்தின் மேல் குண்டுகள் ஓடிய இடம் மெல்லிய கோடாகப் பளபளப்பது இயல்பு. அந்தக் கோட்டின் ஆழம் நகத்துக்குத் தெரிந்தால்தான் கவலைப்பட வேண்டும். பல வளையங்களைத் திருப்பிப் போட்டு மறுபக்கத்தைப் பயன்படுத்தலாம் என்பதால் உடனே புதிது வாங்க வேண்டியதில்லை. ஆழமில்லாத மங்கலும் மெல்லிய கீறல்களும் மட்டுமே இருந்தால், தடித்த கண்ணாடியின் மேல் 600 நம்பர் வாட்டர் பேப்பரை வைத்து, சில துளி தண்ணீர் விட்டு, வளையத்தை விரலால் சீராக அழுத்தி, எட்டு வடிவத்தில் தேய்க்க வேண்டும். பரப்பு முழுவதும் ஒரே சாம்பல் நிறத்துக்கு வந்ததும் நிறுத்திவிடலாம். கண்ணாடி போல மின்னும்வரை மெருகேற்றுவோரும் இருக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. விசையைக் கடத்துவது உராய்வு என்பதால் சற்றே மங்கலான பரப்புதான் நன்றாகப் பிடிக்கிறது. தேய்த்த பிறகு சோப்புத் தண்ணீரிலும், அதன்பின் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலிலும் நன்றாகக் கழுவ வேண்டும். வாட்டர் பேப்பரின் துகள் ஒன்று தங்கிவிட்டாலும் புதுக் குண்டுகளைக் கீறிவிடும்.

வளையம் தட்டையாக இருக்கிறதா என்பதையும் அதே கண்ணாடியில் பார்த்துக்கொள்ளலாம். ஓரத்தை அழுத்தும்போது மறு ஓரம் எழுந்தால் வளையம் வளைந்துவிட்டது. அதைத் தட்டி நிமிர்த்த முயல வேண்டாம். வளையம் நகராமல் இருப்பதற்காக அவுட்டிரைவில் ஃபெவிக்விக் போன்ற பசையை வைத்து ஒட்டும் வழக்கம் உண்டு. இருபக்கமும் கிரீஸ் தடவினாலே வளையம் பூட்டும்வரை நிற்கும் என்பதால் எனக்கு அந்தப் பசை தேவைப்படுவதில்லை. ஒட்டத்தான் வேண்டும் என்றால், பசை ஒரு புள்ளியளவுக்கு மேல் போகக் கூடாது. பசை கட்டியாகக் காய்ந்த இடத்தில் வளையம் மேலெழும்பி, சுற்றும்போது தட்டும்.

குண்டுகளைப் பொறுத்தவரை, அளவுதான் முதலில் கவனிக்க வேண்டியது. 3/32 அங்குலக் குண்டு 2.38 மி.மீ. விட்டம் உடையது, 2.4 மி.மீ. குண்டு என்று தனியாகவும் விற்கப்படுகிறது. இரண்டும் கண்ணுக்கு ஒன்றே. ஆனால் ஒரே டிஃபில் இரண்டையும் கலந்துவிட்டால் பெரியவை மட்டுமே சுமையைத் தாங்கும், சிறியவை சும்மா ஆடிக்கொண்டிருக்கும். டங்ஸ்டன் கார்பைடு, செராமிக், எஃகு ஆகியவற்றையும் ஒன்றோடொன்று கலக்கக் கூடாது. எது எது என்று தெரியாமல் போனால் காந்தம் உதவும்: எஃகுக் குண்டு சட்டென்று ஒட்டும், கார்பைடு பெரும்பாலும் மிகச் சன்னமாக இழுபடும், செராமிக் அசையாது. சோதித்த எஃகுக் குண்டுகளைத் திரும்பப் பயன்படுத்துவதாக இருந்தால், காந்தத்தை நெடுநேரம் ஒட்டவிட வேண்டாம். காந்தமேறிய குண்டு இரும்புத்துகள்களைப் பற்றிக்கொள்ளும்.

1/12 கார் ஓட்டுபவர்களுக்கு ஒரு குறிப்பு. பல பேன் கார்களின் ஸ்பர் கியரில் வருவது 1/8 அங்குலக் குண்டு. சைக்கிள் ஃப்ரீவீலிலும் இதே அளவுக் குண்டு உண்டு என்பதால், சைக்கிள் கடையில் வாங்கிப் போட்டுவிடலாம் என்ற எண்ணம் வரும். அளவு பொருந்தும், உருண்டையின் துல்லியம் பொருந்தாது. பெங்களூரின் எஸ்.பி. ரோடு, ஜே.சி. ரோடு பக்கம் உள்ள பேரிங் கடைகளில் கேட்கும்போது அளவோடு கிரேடையும் சேர்த்துக் கேட்க வேண்டும். கிரேடு 25 என்றால் வட்டத்தன்மையில் பிழை ஓர் அங்குலத்தின் பத்து லட்சத்தில் 25 பங்குக்குள், அதாவது ஏறத்தாழ 0.6 மைக்ரானுக்குள் இருக்கும். எண் குறையக் குறையத் துல்லியம் கூடும். அவசரத்துக்கு அப்படி ஒரு எஃகுக் குண்டு போதும். பந்தயத்துக்குக் கார்பைடு அல்லது செராமிக்கே ஏற்றது.

கியரின் துளைகளையும் விட்டுவிடக் கூடாது. குண்டு துளையில் தானாக விழ வேண்டும், விழுந்த பிறகு விரல்படாமல் சுழல வேண்டும். வார்ப்பில் தங்கிய பிளாஸ்டிக் பிசிறு இருந்தால், சரியான அளவுள்ள டிரில் பிட்டைக் கையால் மட்டும் மெதுவாகத் திருப்பிச் சுரண்டி எடுத்துவிடலாம்.

கிரீஸ் மாறினால்

பால் டிஃபில் இரண்டு கிரீஸ்கள் உண்டு; இரண்டுக்கும் வேலை எதிரெதிரானது. வளையங்களுக்கும் பெரிய குண்டுகளுக்கும் போடுவது நிறமற்ற சிலிக்கான் கிரீஸ். த்ரஸ்ட் பேரிங்குக்குப் போடுவது மாலிப்டினம் கலந்த கறுப்புக் கிரீஸ். எஃகு எஃகின் மேல் உருளும் இடத்தில் சிலிக்கான் கிரீஸ் தேய்மானத்தைத் தடுக்கும் திறன் குறைந்தது. அதை த்ரஸ்ட் பேரிங்கில் வைத்தால் பேரிங் சீக்கிரமே கெட்டுவிடும். கறுப்புக் கிரீஸ் வளையங்களுக்குப் போனால் விளைவு இன்னும் மோசமாக இருக்கும். உராய்வு குறைந்து டிஃப் வழுக்கத் தொடங்கும். வழுக்குகிறதே என்று ஓட்டுபவர் திருகை இறுக்குவார். இறுக்கியதன் முழுச் சுமையும் த்ரஸ்ட் பேரிங்கின் மேல் விழுந்து அங்கே பள்ளம் உண்டாகும். கரகரப்பு த்ரஸ்ட் பேரிங்கில் தெரிந்தாலும், அதற்கு வித்திட்டது வளையத்தில் ஒட்டிய கிரீஸ்தான். ஆகவே கறுப்புக் கிரீஸைத் தொட்ட விரலைத் துடைத்துவிட்டே வளையத்தைத் தொட வேண்டும்.

அளவிலும் வேறுபாடு உண்டு. த்ரஸ்ட் பேரிங்கைக் கறுப்புக் கிரீஸால் தாராளமாக நிரப்பலாம். வளையங்களுக்கோ மெல்லிய பூச்சே போதும். மிகுந்தால் அது வெளியே வழிந்து தூசியை ஈர்க்கும்.

பூட்டுதலும் பழக்குதலும்

பாகங்களைக் கழுவ, எலெக்ட்ரானிக்ஸ் கடைகளில் சர்க்யூட் போர்டு துடைப்பதற்கு விற்கும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் போதுமானது. அசிட்டோன் பிளாஸ்டிக் கியரைக் கெடுக்கக்கூடும் என்பதால் அதைத் தவிர்க்க வேண்டும். வெள்ளைத் துணி விரித்த தட்டின் மேல் வேலைசெய்தால் குண்டுகள் ஓடிவிடா. தங்கிய அழுக்கும் கண்ணுக்குத் தெரியும்.

திருகை ஒரேயடியாக இறுக்குவதுதான் பூட்டும்போது நேரும் பெரிய கேடு. கால் சுற்று இறுக்கியதும் நிறுத்தி, அவுட்டிரைவுகளை எதிரெதிராகப் பலமுறை திருப்பி, குண்டுகள் தம் பாதையில் அமர இடம்கொடுத்து, அதன்பிறகே அடுத்த கால் சுற்றுக்குப் போக வேண்டும். பல கார்களின் கையேடுகள், ஸ்பிரிங் முழுவதும் அமுங்கும்வரை இறுக்கிவிட்டு 1/8 சுற்று தளர்த்தச் சொல்கின்றன. உங்கள் காரின் கையேடு என்ன சொல்கிறதோ அதையே பின்பற்றுங்கள். ஸ்பிரிங் அமுங்கிய நிலையிலேயே விட்டுவிட்டால் அது ஸ்பிரிங்காக வேலைசெய்யாது. ஒவ்வோர் அதிர்ச்சியும் நேரே குண்டுகளின் மேல் இறங்கும். கூம்பு வாஷர்கள் வரும் கார்களில் அவை கையேட்டில் காட்டிய முறையில் எதிரெதிராக அடுக்கப்பட்டிருக்கின்றனவா என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

புதிதாகப் பூட்டிய டிஃப் சற்றுக் கரகரப்பாகவே தெரியும். அதைக் கண்டு மறுபடியும் பிரிக்கக் கூடாது. முதலில் அதைப் பழக்க வேண்டும். திருகை வழக்கத்தைவிடக் கொஞ்சம் தளர்வாக வைத்து, காரைத் தூக்கிப் பிடித்து, ஒரு பின்சக்கரத்தை அசையாமல் பிடித்துக்கொண்டு, மிகக் குறைந்த த்ராட்டிலில் மறுசக்கரத்தை அரை நிமிடம்வரை சுற்றவிட வேண்டும். பிறகு சக்கரத்தை மாற்றிப் பிடித்து அதையே செய்ய வேண்டும். அதன்பின் 1/8 சுற்று இறுக்கி, மீண்டும் ஒருமுறை. ஒரு சக்கரம் பிடிபட்டிருப்பதால் மறுசக்கரம் இருமடங்கு வேகத்தில் சுற்றும், ஆகவே த்ராட்டிலை உயர்த்தக் கூடாது. விரலுக்கும் ஆபத்து, டயருக்கும் ஆபத்து.

இறுக்கம் போதுமா என்பதற்குச் சோதனை எளிது. இரண்டு பின்சக்கரங்களையும் அசையாமல் பிடித்துக்கொண்டு ஸ்பர் கியரைக் கட்டைவிரலால் தள்ளிப் பார்க்க வேண்டும். டிஃப் வழுக்கக் கூடாது. ஸ்லிப்பர் கிளட்ச் (அதிகச் சுமை வரும்போது வழுக்கிக் கொடுக்கும் பாகம்) உள்ள பக்கியாக இருந்தால் வழுக்குவது ஸ்லிப்பராகத்தான் இருக்க வேண்டும். டிஃப் முந்திக்கொண்டு வழுக்கினால், புறப்படும்போது கிறீச்சென்ற குரைப்பு கேட்கும், வளையங்கள் சூடேறிப் பொசுங்கும். கரகரப்பு விரலுக்குத் தெரியக் கூடாது என்பதற்காகத் திருகைத் தளர்த்தி ஓட்டுபவர்களுக்கு நேர்வது இதுதான்: அடுத்த முறை பிரிக்கும்போது த்ரஸ்ட் பேரிங்கோடு வளையங்களையும் குண்டுகளையும் சேர்த்தே மாற்ற வேண்டிவரும்.

பெங்களூரின் வெளிப்பகுதிகளில் மண் தடத்தில் ஓட்டுபவர்கள், மார்ச், ஏப்ரல் மாதங்களில் பறக்கும் செம்மண் தூசியைக் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். அது மாவு போல நுண்ணியது. அவுட்டிரைவின் திறந்த வாய் வழியாகத் திருகின் தலைவரை போய், அங்கிருந்து த்ரஸ்ட் பேரிங்குக்குள் நுழைகிறது. டிரைவ்ஷாஃப்டின் முனைக்கு இடம் விட்டு, அவுட்டிரைவின் அடியில் ஒரு சிறு ஸ்பாஞ்சுத் துண்டைச் செருகிவைத்தால் பெருமளவு தூசி அங்கேயே தங்கிவிடும். சில கார்களில் இதற்கென்றே மூடி வருகிறது, அதைத் தொலைக்காமல் மாட்ட வேண்டும். கார்ப்பெட்டில் மட்டும் ஓடும் காருக்கு இந்தத் தொல்லை இல்லை. அங்கே கார்ப்பெட்டின் இழையும் முடியும் அச்சில் சுற்றிக்கொள்கிறதா என்று பார்த்தால் போதும்.

எல்லாம் முறையாகச் செய்த பிறகும், காதருகே வைத்துத் திருப்பினால் மட்டும் கேட்கிற மிக மெல்லிய ஓசையும், விரல்நுனியில் மணல்போல் இல்லாமல் எண்ணெய்ப் பிசுக்கோடு தெரியும் சிறு தடையும் மிஞ்சலாம். கார்பைடு குண்டு போட்ட டிஃபில் அது குறையல்ல. அப்படியே பந்தயத்தில் ஓட்டலாம். முதல் ஓட்டம் முடிந்து கார் திரும்பியதும் ஸ்பர் கியரை மறுபடியும் கட்டைவிரலால் தள்ளிப் பார்க்க வேண்டும். கிரீஸ் பரவி வளையங்கள் அமர்ந்த பிறகு இறுக்கம் கொஞ்சம் குறைந்திருக்கும். வழுக்கினால் 1/8 சுற்று இறுக்கிவிட்டு அடுத்த ஓட்டத்துக்கு இறக்கலாம்.